நூல் பிடித்த பாதை

எங்கள் ஊர்ப் பக்கத்தில் அந்தக் காலத்துக் கிழவர்களிடம் வழி கேட்டால் மைல் கணக்குச் சொல்லமாட்டார்கள். "இதோ, கூப்பிடு தூரந்தான்" என்பார்கள். இல்லையேல், "இரண்டு நாழிகை வழி இருக்கும்" என்பார்கள். பள்ளிக்கூடத்தில் மைலும் பர்லாங்கும் நெட்டுருப் போட்ட எங்களுக்கு அது வேடிக்கையாக இருக்கும். தூரத்தைக் கேட்டால் நேரத்தைச் சொல்லுகிறாரே, இதென்ன கணக்கு என்று சிரித்துக்கொள்வோம்.

அந்தக் கணக்குத்தான் சரியான கணக்கு என்று எனக்குத் தெரிய ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 2024-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், பூமியின் தென்கோடியில் இருக்கும் ஒரு பட்டணத்திலிருந்து வடகோடியில் இருக்கும் இன்னொரு பட்டணத்துக்கு நான் அவசரமாகப் போகவேண்டி வந்தது. அப்போதுதான் அந்தக் கிழவர்களை மனத்துக்குள் நமஸ்கரித்தேன்.

ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் ஸ்வான் நதி கடலில் கலக்கும் இடத்துக்குச் சற்று உள்ளே பெர்த் நகரம் இருக்கிறது. அங்கே என் மகள் குடியிருக்கிறாள். நான் அவள் வீட்டில் இரண்டு மாதம் தங்கிவிட்டு வரலாம் என்று போயிருந்தேன். என்னைவிட ஏழு வயது மூத்தவளான என் அக்கா லண்டனில் இருக்கிறாள். எனக்கு ஐந்து வயதாயிருந்தபோது எங்கள் தாயார் காலமானாள். அன்றிலிருந்து மதுரை வடக்கு மாசி வீதி வீட்டில் எனக்குத் தலை வாரிப் பள்ளிக்கூடத்துக்குக் கைபிடித்து அழைத்துப் போனவள் அக்காதான்.

1974-ல் கல்யாணமாகி அவள் சீமைக்குப் புறப்பட்டபோது, "ஏண்டா, லண்டன் எவ்வளவு தூரம்?" என்று கேட்டாள். நான் பூகோளப் புஸ்தகத்தைப் புரட்டி, "ஐயாயிரம் மைலுக்கு மேல்" என்று பெருமையாகச் சொன்னேன். அவள் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படியானால் கூப்பிட்டால் கேட்காது" என்றாள். அவ்வளவுதான்.

இப்போது கேட்டது. வெள்ளிக்கிழமை இரவு டெலிபோன் மணி அடித்தது. அக்காவுக்கு இருதயத்தில் ரணசிகிச்சை செய்யவேண்டும் என்று டாக்டர்கள் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு நாள் குறித்துவிட்டார்களாம். "உள்ளே கொண்டு போவதற்கு முன்னால் உன்னை ஒரு தடவை பார்த்துவிட்டால் தேவலை" என்றாள். இதற்கு முன் என்னிடம் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவள் அவள்.

பெர்த்திலிருந்து லண்டனுக்கு எங்கும் இறங்காமல் ஒரே மூச்சில் பறக்கும் விமானம் உண்டு. 2018-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 24-ந் தேதி அந்தச் சேவை ஆரம்பமாயிற்று. ஆஸ்திரேலியாவையும் ஐரோப்பாவையும் இடையில் தரையைத் தொடாமல் இணைத்த முதல் சேவை அதுதான். தூரம் 9,009 மைல். இன்றைய கணக்கில் 14,499 கிலோமீட்டர். நேரம் சுமார் பதினேழு மணிக்குச் சற்று அதிகம். ஞாயிறு மாலை ஏழு மணிக்குச் சற்று முன்பு ஏறினால், திங்கள் விடியுமுன் ஐந்து மணிக்கு லண்டன் ஹீத்ரோவில் இறங்கலாம். எட்டு மணிக்கு ரணசிகிச்சை. ஐந்துக்கும் எட்டுக்கும் நடுவே மூன்று மணி நேரம் இருக்கிறதே! மகள் உடனே டிக்கட்டு வாங்கிவிட்டாள்.

சனிக்கிழமை காலையில் என் பேத்தி தன் பூகோள உருண்டையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவளுக்கு வயது ஒன்பது. "தாத்தா, நீ எந்த வழியாகப் போவாய்?" என்று கேட்டாள். சுவரில் ஒரு தேசப்படமும் தொங்கிற்று. நான் அதில் பெர்த்திலிருந்து லண்டனுக்கு விரலால் ஒரு நேர்கோடு இழுத்தேன். அந்தக் கோடு நமது நாட்டைத் தொடவேயில்லை. இந்து மகா சமுத்திரத்தைக் குறுக்கே கடந்து, அரேபியா வழியாக ஐரோப்பாவுக்குப் போயிற்று.

"படம் பொய் சொல்லும், தாத்தா! டீச்சர் சொன்னாள்" என்றாள் பேத்தி. வாஸ்தவந்தான். உருண்டையான பூமியைத் தட்டையான காகிதத்தில் விரித்தால், ஆரஞ்சுப் பழத்தின் தோலை உரித்து மேஜையின்மேல் அமுக்கிய கதைதான். எங்கேயாவது இழுபடும்; எங்கேயாவது கிழியும். உருண்டையின்மேல் இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் எந்த வழியாக விறைத்து நிற்கிறதோ, அதுவே மிகக் குறுகிய பாதை. விமான மாலுமிகள் கணக்குப் போடுவதும் அந்த நூலைக் கொண்டுதான். நாம் "நூல் பிடித்தாற்போல்" என்று சொல்வதில்லையா? கொத்தனார்கள் சுவருக்குப் பிடிக்கும் நூலை இவர்கள் பூமிக்கே பிடிக்கிறார்கள்.

என் மகளின் தையல் பெட்டியிலிருந்து ஒரு சிவப்பு நூல் வந்தது. ஒரு முனையைப் பேத்தி பெர்த்தில் அமுக்கினாள். மறுமுனையை நான் லண்டனில் அமுக்கினேன். ஓர் அடி விட்டமுள்ள அந்த உருண்டையில் பதின்மூன்றரை அங்குல நூல்! இருவரும் குனிந்து பார்த்தோம்.

நேயர்களே, நான் பார்த்ததை நீங்களும் ஒரு நூலை எடுத்துப் பிடித்துப் பார்த்துக்கொள்ளலாம். நூல் இந்து மகா சமுத்திரத்தின்மேல் வடமேற்காக ஏறி, இலங்கையின் தென்கிழக்குக் கரையைத் தொட்டது. கண்டி மலைப் பக்கமாகச் சென்று, மன்னார் வளைகுடாவைக் கடந்து, இராமநாதபுரம் கரையில் ஏறிற்று. அப்புறம்? அப்புறம் மதுரைக்கு வெகு அருகில் போயிற்று! கோயமுத்தூருக்குச் சற்று வடக்கே மலைகளைத் தாண்டிக் கன்னட நாட்டுக் கரையில் கடலுக்குள் இறங்கிற்று. பம்பாய்க்குத் தென்மேற்கே அரபிக் கடலில் அதன் நடுப்புள்ளி இருந்தது. அதற்கு அப்பால் பலூசிஸ்தானம், ஈரான், காக்கஸஸ் மலைநாடு, கருங்கடல், உக்ரேன், ஜெர்மனி, பிறகு லண்டன்.

எனக்குச் சற்று நேரம் பேச்சு எழவில்லை. அக்கா ஒரு கோடியில் இருக்கிறாள். நான் ஒரு கோடியில் இருக்கிறேன். எங்கள் இருவருக்கும் நடுவே மிகக் குறுகிய வழி எதுவென்று பார்த்தால், அது நாங்கள் பிறந்த வீட்டின் பக்கமாகப் போகிறது! இதை எந்தப் பூகோளப் புஸ்தகமும் எனக்குச் சொன்னதில்லை. அன்று மாலை டெலிபோனில் அக்காவிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். "அப்படியா? மேலே போகும்போது வடக்கு மாசி வீதி தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டு வா" என்றாள்.

இந்த ஒன்பதாயிரம் மைலும் மனிதன் பறக்கக் கற்ற நாளிலிருந்து இன்றுவரை ஓர் அங்குலங்கூடக் குறையவில்லை. நேரம் மட்டும் சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது. 1919-ஆம் வருஷம் நவம்பர் 12-ந் தேதி, ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் என்னும் சகோதரர்கள் இரண்டு யந்திர நிபுணர்களுடன் லண்டனுக்கு அருகிலிருந்து விக்கர்ஸ் விமி என்ற விமானத்தில் கிளம்பினார்கள். டிசம்பர் 10-ந் தேதி ஆஸ்திரேலியாவின் வடகரையில் டார்வினில் இறங்கினார்கள். இருபத்தெட்டு நாள்! அதற்காக ஆஸ்திரேலிய சர்க்கார் பதினாயிரம் பவுன் பரிசு கொடுத்தார்கள். 1935-ல் கட்டணம் செலுத்தும் பிரயாணிகள் பிரிஸ்பேனிலிருந்து லண்டனுக்கு விமானத் தொடரில் போகத் தொடங்கினார்கள். கல்கத்தா, கராச்சி முதலிய ஊர்களில் இறங்கி இறங்கிப் பன்னிரண்டரை நாள் ஆயிற்று. 1947 டிசம்பரில் சிட்னியிலிருந்து கிளம்பிய கான்ஸ்டலேஷன் விமானம், கல்கத்தா, கராச்சி உள்படப் பல இடங்களில் தங்கி நாலே நாளில் லண்டன் சேர்ந்தது. இன்று பெர்த்திலிருந்து பதினேழு மணிச் சொச்சம். இருபத்தெட்டு நாள் எங்கே, பதினேழு மணி எங்கே!

ஆனால் இந்தச் சரித்திரத்தில் ஒரு கண்ணி உண்டு. அதை நான் சனிக்கிழமை சாயங்காலம் ஸ்வான் நதிக்கரையில் நெட்லண்ட்ஸ் என்ற இடத்தில் உலாவிக்கொண்டிருக்கையில் நினைத்துக்கொண்டேன். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இருந்த ஆகாய மார்க்கம் கத்தரித்தாற்போல் அறுந்தது. தபால் போகவேண்டும், முக்கியமான மனிதர்கள் போகவேண்டும். என்ன செய்வது?

1943-ஆம் வருஷ மத்தியில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இந்த நெட்லண்ட்ஸ் கரையிலிருந்து காடலினா என்னும் நீர்விமானங்கள் கிளம்பி, இலங்கையில் காலிக்கு அருகிலுள்ள கொக்கலை ஏரியில் போய் இறங்கின. நடுவில் 3,513 மைல் சமுத்திரம். அந்த விமானங்கள் மணிக்கு நூற்றிருபது மைல் வேகத்துக்கு மேல் போவது துர்லபம். இருபத்தேழு மணி முதல் முப்பத்து மூன்று மணி வரையில் ஆகாயத்திலேயே இருக்கவேண்டும். எண்ணெய்ப் பாரம் அவ்வளவு அதிகமானதால், ஒரு விமானத்தில் மூன்றே பிரயாணிகள். 69 கிலோ தபால். எதிரியின் காதில் விழுந்துவிடும் என்று ரேடியோவில் வாய் திறக்கக்கூடாது. இரவில் நட்சத்திரங்களைப் பார்த்தே வழி கண்டார்கள். ஐந்து விமானங்களுக்கும் மாலுமிகள் வழி பார்க்கும் நட்சத்திரங்களின் பெயர்களையே வைத்திருந்தார்கள்.

ஒரே பிரயாணத்தில் இரண்டு தடவை சூரியன் உதிப்பதைப் பார்த்தபடியால், பிரயாணிகளுக்கு "இரட்டைச் சூரியோதய இரகசிய சங்கம்" என்று வேடிக்கையாகப் பெயரிட்டு ஒரு நற்சாட்சிப் பத்திரம் கொடுப்பார்களாம். 1945 ஜூலை வரையில் 271 தடவை அந்தச் சமுத்திரத்தைத் தாண்டினார்கள். ஒரு விமானமும் கடலில் விழவில்லை. இலங்கையிலிருந்து கராச்சிக்கும், அங்கிருந்து லண்டனுக்கும் தொடர்பு இருந்தது. யுத்தம் ஒரு வழியை அடைத்தது. மனிதர்கள் இன்னொரு வழியைத் திறந்தார்கள்.

"அது எண்பது வருஷத்துக்கு முந்திய கதை, இப்போது யார் வழியை அடைக்கப் போகிறார்கள்?" என்று எண்ணிக்கொண்டு வீடு திரும்பினேன். வாசலில் மகள் முகம் வாடி நின்றாள்.

விமானக் கம்பெனியிலிருந்து செய்தி வந்திருந்தது. ஈரானுக்கும் இஸ்ரேலுக்கும் மனஸ்தாபம் முற்றி, எந்த நிமிஷத்தில் எது பறக்குமோ என்ற நிலை. ஆகையால் ஈரானின் ஆகாயத்தைத் தவிர்த்துச் சுற்றிப் போகிறார்களாம். சுற்றிப் போனால் ஒரே மூச்சில் லண்டன் சேர எண்ணெய் போதாது. சிங்கப்பூரில் இறங்கி நிரப்பிக்கொண்டு போவார்கள். லண்டன் சேரும் நேரம் காலை எட்டு மணிக்கு மேல்.

பேத்தி சிவப்பு நூலை எடுத்து வந்து ஈரானின்மேல் வைத்துப் பார்த்தாள். அதற்கும் அப்பால் நூல் உக்ரேனுக்குள் போயிற்று. 2022 பிப்ரவரி 24-ந் தேதி அங்கே யுத்தம் மூண்ட அன்றே அந்த ஆகாயமும் பிரயாணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டது. ஆக, பூமியின்மேல் இழுத்த மிக நேரான கோட்டில் இரண்டு இடத்தில் கதவைச் சாத்தியிருந்தார்கள்.

"சிங்கப்பூர் வழியாகப் போனால் ரொம்ப தூரமா, தாத்தா?" என்றாள் குழந்தை. கணக்குப் போட்டேன். பெர்த்திலிருந்து சிங்கப்பூர் சுமார் 2,430 மைல். அங்கிருந்து லண்டன் சுமார் 6,760 மைல். மொத்தத்தில் இருநூறு மைல்கூட அதிகமில்லை! ஆனால் இறங்குவதும், எண்ணெய் ஊற்றுவதும், மறுபடி ஏறுவதும், அங்கிருந்து சுற்று வழியில் செல்வதும் சேர்ந்து எனக்கு மூன்று மணி நேரத்தைத் தின்றுவிட்டன. எனக்கு வேண்டியிருந்ததோ அந்த மூன்று மணிதான்.

"அப்படியானால் விமானம் சும்மா மேலே எழும்பி நிற்கட்டுமே! பூமிதான் சுற்றுகிறதே, லண்டன் தானாகக் கீழே வந்துவிடாதா?" என்றாள் பேத்தி. நல்ல கேள்விதான். ஆனால் பூமி தனியாகச் சுற்றவில்லை. தன் காற்றையும் இழுத்துக்கொண்டே சுற்றுகிறது. ஓடுகிற ரயிலுக்குள் பந்தைத் தூக்கிப் போட்டால் அது பின்பெட்டிக்கா போய் விழுகிறது? போதாததற்கு, உயரத்தில் வீசும் பெருங்காற்று மேற்கேயிருந்து கிழக்கே ஓடுகிறது. லண்டனிலிருந்து பெர்த்துக்கு வருகிற விமானத்தை அது முதுகில் தட்டி அனுப்புகிறது. பெர்த்திலிருந்து போகிற விமானத்தை மார்பில் பிடித்துத் தள்ளுகிறது. அதனால்தான் அந்த ஏப்ரலில்கூட லண்டனிலிருந்து வந்த விமானம் எங்கும் இறங்காமல் வந்தது. போகிற விமானத்துக்குத்தான் சிங்கப்பூர் தேவைப்பட்டது. வழி ஒன்றுதான், வருவது ஒரு தூரம், போவது ஒரு தூரம்!

எண்ணெயை இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஊற்றிக்கொள்ளக்கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். இந்தப் பிரயாணத்துக்கு உபயோகப்படும் போயிங் 787-9 விமானம் கிளம்பும்போது அதிகபட்சம் 254 டன் எடை இருக்கலாம். தொட்டிகள் நிரம்பினால் சுமார் 1,26,000 லிட்டர் எண்ணெய் பிடிக்கும். அந்த எண்ணெய் மட்டும் ஏறக்குறைய நூறு டன். அதாவது ஐந்தில் இரண்டு பங்கு எண்ணெய்! மேலும் ஏற்றவேண்டுமானால் மனிதர்களை இறக்கவேண்டும். ஏற்றிய எண்ணெயைச் சுமப்பதற்கே இன்னும் எண்ணெய் வேண்டும். காடலினாவில் மூன்று பேரை மட்டும் ஏற்றிய அதே கணக்கு இன்றும் மாறவில்லை.

அக்காவுக்குச் சமாசாரத்தைச் சொன்னேன். "பரவாயில்லை. கண் விழிக்கும்போது இருந்தால் போதும்" என்றாள். "கண் விழித்தால்" என்று அவள் சொல்லவில்லை. "விழிக்கும்போது" என்றுதான் சொன்னாள். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு விமானம் ஏறினேன்.

ஞாயிற்றுக்கிழமை அஸ்தமனத்துக்குப் பிறகு கிளம்பினோம். சிங்கப்பூரில் எண்ணெய் ஊற்றும் நேரமெல்லாம் நான் கடிகாரத்தையே பார்த்தேன். என் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் இருந்தார். பேரனின் கல்யாணத்துக்குப் போகிறாராம். "யாரோ எங்கேயோ சண்டை போடுகிறார்கள், எனக்குக் கல்யாணம் தவறிவிடும் போலிருக்கிறது" என்று முணுமுணுத்தார். எனக்கு வெட்கமாயிற்று. எங்களுக்கு மூன்று மணி நேரந்தான் போயிற்று. அந்தச் சாத்திய ஆகாயத்தின் கீழே இருப்பவர்களுக்கு என்னென்ன போயிற்றோ! அங்கேயும் அக்காமார் இருப்பார்கள், தம்பிமார் இருப்பார்கள். அவர்களுக்கு அடுத்த தெருகூட அன்று வெகு தூரமாக இருந்திருக்கும்.

முன்னால் இருந்த சிறு திரையில் விமானம் போகும் வழி ஒளிர்ந்துகொண்டிருந்தது. மதுரை எங்கோ தெற்கே ஒதுங்கிவிட்டது. நாங்கள் மேற்கே, இருட்டு போகிற திசையிலேயே போய்க்கொண்டிருந்தோம். கடிகாரம் எத்தனையோ மணி ஓடியும் பொழுது விடியவில்லை. காடலினாவில் போனவர்கள் ஒரு பிரயாணத்தில் இரண்டு சூரியோதயம் பார்த்தார்கள். எனக்கோ ஒன்றே ஒன்று வருவதற்குள் யுகம் கழிந்தாற்போல் இருந்தது. கடைசியில், ஐரோப்பாவின்மேல் எங்கோ, எங்கள் முதுகுக்குப் பின்னால் வெளுத்தது.

ஹீத்ரோவில் இறங்கும்போது மணி எட்டேகால். அக்காவை உள்ளே கொண்டு போய்விட்டார்கள்.

அவள் பிள்ளை என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். நீண்ட தாழ்வாரத்தில் ஒரு நாற்காலி. அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தது ஐந்து மணி நேரம். பத்தொன்பதாயிரம் மைல் பறந்திருந்தாலும் அவ்வளவு களைத்திருக்க மாட்டேன். அவள் படுத்திருந்தது சுவருக்கு அந்தப் பக்கம்; இருபது அடி இருக்கும். என் ஆயுளில் நான் கடந்த தூரங்களிலெல்லாம் நீளமானது அதுதான்.

பிற்பகலில் டாக்டர் வந்து தலையை அசைத்துச் சிரித்தார். சாயங்காலம் உள்ளே விட்டார்கள். அக்கா மெள்ளக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். உதடு அசைந்தது. குனிந்து கேட்டேன்.

"மதுரை வழியாகத்தானே வந்தாய்?"

"இல்லை, அக்கா. வழி அடைத்துவிட்டார்கள். சிங்கப்பூர் வழியாக."

"சுற்று வழி" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மருந்து கொண்டு வந்த நர்ஸம்மாள் என்னைப் பார்த்து, "தாங்கள் வெகு தூரத்திலிருந்து வருகிறீர்களோ?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஒன்பதாயிரம் மைல் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் அக்கா கண்ணை மூடியபடியே தமிழில் பதில் சொல்லிவிட்டாள்.

"கூப்பிடு தூரந்தான்."